குட்டிக் கணவாயும் நூறு வயசு மட்டியும்

கணவாயும் மட்டியும் ஒரே குடும்பம் எண்டால் நம்புவீங்களா? இரண்டுமே மெல்லுடலிகள். ஆனால் வாழுற விதம் நேர் எதிர்.

ஹவாய்க் கரையோரத்தில் பாப்டெயில் என்றொரு குட்டிக் கணவாய் இருக்கு. நீளம் 3 சென்டிமீட்டர் அளவுதான், ஆயுள் ஒரு வருஷம்கூட இல்லை. அதன் வயிற்றுப் பக்கம் இருக்கும் ஒளி உறுப்புக்குள் விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியா குடியிருக்கும். அந்த வெளிச்சம் நிலவொளியோடு கலந்துவிடுவதால், கீழே இருக்கிற மீனுக்குக் கணவாயின் நிழல் தெரியாது.

தனி ஒரு பாக்டீரியா லைட் போடாது. ஒவ்வொன்றும் ஒரு சிக்னல் மூலக்கூறை வெளியே விடும். அது போதிய அளவு சேர்ந்தால்தான் எல்லாம் ஒளிரும். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் படிச்சவர்களுக்குப் பழகின கோரம்தான் இது. உயிரியலிலும் பெயர் கோரம் சென்சிங்.

விடிந்ததும் கணவாய் 95 சதவீதம் பாக்டீரியாவை வெளியே தள்ளிவிடும். மிச்சம் இரவுக்குள் பெருகிவிடும். தினமும் ஒரு ரீஸ்டார்ட். தள்ளினது வீணில்லை: புதுசாகப் பொரித்த குஞ்சுகள் தங்கட பாக்டீரியாவைக் கடல்நீரில் இருந்துதான் எடுக்கும்.

அடுத்தது, ஸ்காட்லாந்து, ஸ்காண்டிநேவிய ஆறுகளில் வாழும் நன்னீர் முத்து மட்டி. 100 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூளை கிடையாது. ஒரே இடத்தில் கிடந்து நாளுக்கு 50 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும். அப்டைம் என்றால் இதுதான்.

ஆனால் ஒரு டிபெண்டென்சி இருக்கு. லார்வா, சால்மன் அல்லது ட்ரவுட் மீனின் செவுளில் மாதக்கணக்கில் ஒட்டி வளர வேணும். பிறகு சுத்தமான சரளைக்குள் சில வருஷம் புதைந்திருக்க வேணும். மீன் குறைந்தாலோ, சரளையைச் சேறு மூடினாலோ குஞ்சு தப்பாது. அதனால் பல ஆறுகளில் இப்ப கிழடுகள் மட்டும்தான். எண்ணிப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் இருக்கும், எல்லாம் உயிரோடுதான். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. ஆனால் அடுத்த தலைமுறை இல்லை.

போன வருஷம் நான் கான்ட்ராக்டில் போன ஒரு இடத்தில் 20 வருஷப் பழைய பில்லிங் சிஸ்டம். ஒருநாளும் விழுந்ததில்லை எண்டு பெருமையாகச் சொன்னார்கள். அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் ஓய்வு பெறப்போகினம். அப்டைமைப் பார்த்து நானும் தலையாட்டினேன். இப்ப என்றால் முதலில் வேறொன்று கேட்பேன்: "கடைசியாக எப்ப புதுசாக ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தனீங்கள்?"