முகப்பரு: ஊர் சொல்வது என்ன, உண்மை என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தப் பள்ளி, கல்லூரி, ஐடிஐ வாசலில் நின்று பார்த்தாலும் பிள்ளைகள் பலரின் முகத்தில் ஒன்றிரண்டு பருவாவது இருக்கும். 12 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இவ்வளவு சாதாரணமான ஒன்று என்பதாலேயே இதற்கு வைத்தியம் சொல்லவும் ஆள் நிறைய. வீட்டில் பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, மருந்துக் கடை அண்ணன், இப்போது செல்போனில் ரீல்ஸ். அவர்கள் சொல்வதில் பலவற்றால் பலனும் இல்லை, கெடுதலும் இல்லை. சில மட்டும் முகத்தையே கெடுத்துவிடும். எது எப்படி என்று பிரித்துப் பார்ப்போம்.

பரு எப்படி வருகிறது?

நம் தோலில் உள்ள ஒவ்வொரு முடித்துளையோடும் சின்ன எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. பருவ வயதில் ஆண், பெண் இரு பாலருக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும். அதனால் இந்தச் சுரப்பி அதிகமாக எண்ணெய் விடும். உதிர்கிற தோல் செல்களோடு அந்த எண்ணெய் சேர்ந்து துளையை அடைத்துக்கொள்ளும். தோலில் எப்போதும் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா உள்ளே பெருகும். வீக்கம், சிவப்பு, சீழ் எல்லாம் அப்புறம் வருவது. ஆக, பரு உள்ளிருந்து தொடங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

"முகத்தைச் சரியாகக் கழுவாததால் வருகிறது"

இல்லை. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளி கூட அழுக்கு அல்ல. துளையில் அடைத்திருக்கும் பொருளும் தோல் நிறமியும் காற்று பட்டுக் கறுத்துப் போனதுதான் அது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, வியர்த்துக் கொட்டினால் இன்னொரு முறை, மென்மையான சோப்போ ஃபேஸ்வாஷோ போட்டுக் கழுவினால் போதும். ஆறு தடவை கழுவுவதும், ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதும் தோலை எரிச்சலாக்கிப் பருவைக் கூட்டும்.

"போர் தண்ணீர்தான் காரணம்"

நம் பகுதியில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாது. தோல் வறண்டு அரிக்கலாம். ஆனால் பருவுக்கு மூல காரணம் தண்ணீர் அல்ல. அதே தண்ணீரில் குளிக்கும் அப்பா, அம்மாவுக்குப் பரு இல்லையே!

"உடம்பு சூடு, மாம்பழம், எண்ணெய்ப் பலகாரம்"

வெயிலில் வியர்வையும் பிசுபிசுப்பும் கூடினால் சிலருக்குப் பரு அதிகமாகலாம். மற்றபடி "சூடு" என்று தனியாக ஒரு காரணம் இல்லை. சாப்பாட்டைப் பொறுத்தவரை, பஜ்ஜி எண்ணெய் நேராக முகத்துக்கு ஏறுவதில்லை. ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் குளிர்பானம், இனிப்பு, மைதா வகைகளுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஜிம்முக்குப் போகும் தம்பிகள் குடிக்கும் வே புரோட்டீன் பவுடரும் சிலருக்குப் பருவைக் கூட்டும். எதைச் சாப்பிட்டால் உங்களுக்குக் கூடுகிறது என்று கவனித்து அதைக் குறையுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திப் பட்டினி கிடக்க வேண்டாம்.

"எலுமிச்சை, டூத்பேஸ்ட் வைத்தால் ஒரே ராத்திரியில் போய்விடும்"

எலுமிச்சைச் சாற்றின் அமிலமும், பற்பசையில் உள்ள பொருட்களும் தோலைப் புண்ணாக்கும். நம் மாநிறத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நகத்தால் கிள்ளுவதும் அப்படித்தான். பரு போய்விடும், குழி நின்றுவிடும்.

"வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்"

பருவுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தம் இல்லை. மனதில் கெட்ட எண்ணம் இருப்பதால் வருகிறது என்பதும் வீண் பழி. பலருக்கு இருபது வயதைத் தாண்டும்போது தானாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய கட்டிகளாக, வலியோடு வருகிற பருவைக் காத்திருந்து பார்த்தால் குழி விழுந்துவிடும். குழியைச் சரிசெய்வதைவிடப் பருவைச் சரிசெய்வது எளிது. பெண் பிள்ளைகளுக்குப் பருவோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு

லேத், மில்லிங் மெஷினில் நிற்கும் தம்பிகளுக்கு முன்கை, தொடைப் பகுதிகளில் கறுப்பு முனையோடு பரு வந்தால் அது வேறு வகை. கட்டிங் ஆயில் துணியில் ஊறித் துளைகளை அடைப்பதால் வருவது. எண்ணெய் பட்ட யூனிஃபார்மை அன்றன்றே மாற்றுவதும், ஏப்ரன் போடுவதும், ஷிப்ட் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவதும்தான் முதல் மருந்து. ஹெல்மெட் பட்டை உரசும் தாடையில் பரு வந்தால் பட்டையையும் உள் துணியையும் அடிக்கடி துவையுங்கள். நெற்றியில் மட்டும் வந்தால் தலையில் வைக்கும் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள்.

மிக ஆபத்தான தவறு: "கடையில் கேட்டு வாங்கின கிரீம்"

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். "பருவும் போகும், கலரும் வரும்" என்று சொல்லிக் கைமாறும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. போட்ட சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும், ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், முகத்தில் முடி வளரும், பழையதைவிட அதிகமாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால் மறுபடி அதையே போடத் தோன்றும். நாடு முழுவதும் இந்தப் பாதிப்பு பெருகியதைத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எடுத்துச் சொன்னார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய 'எச்' அட்டவணையின் கீழ் கொண்டுவந்தது.

உங்கள் செல்போனே இதற்கு உதவும். ட்யூபில் உள்ள பொடி எழுத்தைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. உள்ளே என்ன இருக்கிறது என்றே அச்சிடாத கிரீமைத் தொடவே தொடாதீர்கள். ஏற்கெனவே பல வாரமாகப் போட்டு வருகிறீர்கள் என்றால், ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். சீட்டு இல்லாமல் இந்த மருந்தை விற்கும் கடையைப் பற்றி முதல்வரின் உதவி மையம் 1100-ல் புகார் சொல்லலாம்.

சரியான சிகிச்சை எப்படி இருக்கும்?

லேசான பருவுக்குப் பெரும்பாலும் பென்சாயில் பெராக்சைடு அல்லது ரெட்டினாய்டு வகை ஜெல் தருவார்கள். முதல் சில வாரம் தோல் கொஞ்சம் வறளும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரம் ஆகும். பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று மருந்தை மாற்றுவதுதான் பலர் செய்யும் பிழை. பென்சாயில் பெராக்சைடு பட்டால் துணி வெளுத்துவிடும். தலையணைக்குப் பழைய உறை போடுங்கள். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு. கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் சிசுவுக்குக் கடும் ஊனம் ஏற்படுத்தும் மருந்து அது. நண்பருக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கவே கூடாது.

எங்கே போவது?

• முதலில் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம், ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அடுத்து உங்கள் ஊர் அரசு மருத்துவமனை. ஓபி சீட்டுக்குப் பணம் கிடையாது.

• தோல் சிறப்பு மருத்துவர் தேவை என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் தோல் பிரிவு உண்டு. ஆவடி, அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலுக்கு எதிரிலேயே முதல் மருத்துவமனை. பூந்தமல்லிக்காரர்களுக்கு நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம்.

• வீட்டிலிருந்தே கேட்க இ-சஞ்சீவனி செயலி. ஃபில்டர் போடாமல், பகல் வெளிச்சத்தில் எடுத்த முகப் படத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சந்தேகத்துக்கு 104.

• அப்பாவோ அம்மாவோ இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கும் இஎஸ்ஐ மருந்தகத்தில் சிகிச்சை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

• மருந்துச் சீட்டு கையில் இருந்தால் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் விலை விசாரியுங்கள். அதே மூலப்பொருள் ஜெனரிக் பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க?" என்று சிரித்துவிடாதீர்கள். பருவால் போட்டோவுக்கு நிற்க மறுக்கும், வகுப்பில் தலை நிமிராத, வெளியே போகவே தயங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒளித்து வைத்து ஏதோ ஒரு கிரீமைப் பூசிக்கொள்பவர்களும் அவர்கள்தான். மனசு சோர்ந்து போயிருந்தால் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. இன்றைக்கே பிள்ளையிடம், "எந்த கிரீம் போடுற, காட்டு" என்று கோபப்படாமல் கேளுங்கள். இருவரும் சேர்ந்து அந்த ட்யூபில் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்.