மாசிபத்திரி: நாட்டார் நம்பிக்கைகளும் மனை மருத்துவமும்

ஆய்வுச்சுருக்கம்

மாசிபத்திரி வகைச் செடிகள் ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் காப்புப் பொருளாகவும் உணவாகவும் மருந்தாகவும் நெடுங்காலம் வழங்கி வருகின்றன. இவ்வழக்குகளைத் தொகுத்து நோக்கும் இக்கட்டுரை, நாட்டார் நம்பிக்கைகள் இனம் கடந்து ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதிற் செல்வதையும், மருத்துவப் பயன் அவ்வாறு செல்லாமையையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாசிபத்திரி, ஆர்ட்டெமிசியா, காப்பு மூலிகை, மனை மருத்துவம், பெயர் மயக்கம்.

முன்னுரை

ஆங்கிலத்தில் மக்வர்ட் எனப்படும் செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இதற்கு ஆர்ட்டெமிசியா வல்காரிஸ் எனப் பெயரிட்டார். இலையின் மேற்புறம் கரும்பச்சை; கீழ்ப்புறம் வெண்பஞ்சு போன்ற நுண்மயிர் படர்ந்தது. கசக்கினால் நெடிமிக்க மணம் எழும். நீலகிரி முதலிய மலைப்பகுதிகளில் வளரும் மாசிபத்திரியை முற்காலத் தாவரவியலார் இவ்வினத்தின் வகையாகக் கருதினர். பின்னர் அது ஆர்ட்டெமிசியா நீலகிரிகா எனத் தனி இனமாகக் கொள்ளப்பட்டது. இக்கட்டுரையில் மாசிபத்திரி என்பது இவ்வகைச் செடிகளுக்குரிய பொதுப்பெயராக ஆளப்படுகிறது. தனி இனத்தைக் குறிக்கும் இடங்களில் தாவரவியற் பெயர் தரப்படும்.

1. காப்பு மூலிகையாக மாசிபத்திரி

பேரினப் பெயரான ஆர்ட்டெமிசியா, மகப்பேற்றைக் காக்கும் கிரேக்கத் தெய்வமாகிய ஆர்ட்டெமிசின் பெயரோடு தொடர்புடையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இச்செடியை உடன்கொண்டு செல்லும் வழிப்போக்கருக்குக் களைப்புத் தோன்றாது என்னும் நம்பிக்கையைப் பதிவு செய்துள்ளார். வழிநடைக்கு முன் காலணிக்குள் இதன் இலையை இடும் பிற்கால ஐரோப்பிய வழக்கமும் இந்நம்பிக்கையோடு ஒத்தது.

பழைய ஆங்கிலத்தில் அமைந்த ‘ஒன்பது மூலிகை மந்திரம்’ லாக்னுங்கா என்னும் மருத்துவத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதன் ஏட்டுப்படி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையது. அம்மந்திரம் முதலில் விளிப்பது மாசிபத்திரியையே. மூலிகைகளுள் மூத்ததாக அதனைப் போற்றி, நஞ்சுக்கும் காற்றில் பரவும் நோய்க்கும் எதிராக நிற்குமாறு வேண்டுகிறது. செருமனி, பிரான்சு ஆகிய நாடுகளில் சூன் 23ஆம் நாள் இரவு, புனித யோவான் திருநாளுக்கு முன்னதாக, மக்கள் இச்செடியை இடையில் கச்சாகக் கட்டித் தீயைச் சுற்றி ஆடினர். பின் அக்கச்சைத் தீயிலிட்டனர். ஆண்டின் நோயும் தீவினையும் அதனோடு எரிந்தொழியும் என்பது அவர்தம் நம்பிக்கை. மேன் தீவில் சூலை 5ஆம் நாள் நிகழும் டின்வால்டு விழாவில் இச்செடியின் கொத்தை ஆடையில் அணியும் வழக்கம் இன்றும் உள்ளது.

கிழக்காசியாவிலும் இத்தகைய வழக்குகள் உண்டு. சீனாவில் ஐந்தாம் திங்கள் ஐந்தாம் நாளில் மாசிபத்திரியால் மனித உருச் செய்து வாயிலில் தொங்கவிடும் வழக்கத்தை ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சோங் லின் குறித்துள்ளார். வசம்பு இனச் செடியின் இலையோடு இதனைச் சேர்த்து வாயிலில் கட்டும் வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. கொரியாவின் தோற்றத் தொன்மத்தில், மனிதராக விரும்பிய கரடிக்கும் புலிக்கும் ஒரு பிடி மாசிபத்திரியும் இருபது பூண்டும் தரப்படுகின்றன. நூறு நாள் வெயில் காணாதிருக்குமாறு பணிக்கப்படுகின்றன. புலி பொறுமையிழக்கிறது, கரடியோ இருபத்தொன்றாம் நாளில் பெண்ணாகித் தன்குன் என்னும் முதல் மன்னனைப் பெறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் துறவி தொகுத்த சம்குக் யூசாவில் இக்கதை உள்ளது.

வாயில், பருவத் திருப்பம், வழிநடை, உருமாற்றம் என இவை யாவும் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குக் கடக்கும் எல்லைகளாகும். எல்லையிலேதான் தீங்கு நுழையும் என்னும் அச்சம் மாந்தர்க்குப் பொது. பூச்சிகளை அகற்றவல்ல கடுமணமும் புகையும் உடைய செடி அவ்வெல்லைக்குக் காவலாக நிறுத்தப்பட்டது இயல்பே எனலாம்.

2. அடுக்களையும் மருந்தும்

செருமானியர் கொழுப்பு மிக்க வாத்து இறைச்சியோடு மாசிபத்திரியைச் சேர்த்துச் சமைப்பர். இதன் கசப்பு செரிமானத்திற்கு உதவும் என்பது அவர்தம் மரபறிவு. ஹாப்ஸ் பரவலாகுமுன் ஐரோப்பாவில் மதுவடித்தலிலும் இது பயன்பட்டது. சப்பானியரும் கொரியரும் இளவேனிற்காலத் தளிரை அரிசி மாவோடு இடித்துப் பச்சைநிற அப்பம் செய்வர்.

வெண்பஞ்சே இதன் தனிச்சிறப்பான மருத்துவப் பயனுக்கு அடிப்படையாகும். உலர்ந்த இலையை இடித்துச் சலித்தால் இலைத்தூள் உதிர்ந்து, நுண்மயிர் மட்டும் பஞ்சாக எஞ்சும். அது சுடரின்றி மெல்லக் கனலும். உடலின் குறித்த இடங்களில் அக்கனலால் வெப்பம் ஊட்டுவதே சீன மரபின் சூட்டு மருத்துவம். மேலைநாடுகளில் வழங்கும் மோக்சா என்னும் சொல், இப்பஞ்சைக் குறிக்கும் மொகுசா என்னும் சப்பானியச் சொல்லிலிருந்து வந்தது.

ஐரோப்பிய மனை மருத்துவத்தில் மாதவிலக்கைத் தூண்டவும் மகப்பேற்றை எளிதாக்கவும் மாசிபத்திரி கொடுக்கப்பட்டது. இந்திய மரபு மருத்துவத்திலும் மாதவிலக்குச் சிக்கல்களுக்கும் குடற்புழுவுக்கும் இவ்வகைச் செடி கூறப்படுகிறது. கருப்பையைத் தூண்டும் என மரபு கருதிய இப்பண்பே கருவுற்ற மகளிர் இதனை உட்கொள்ளலாகாது என்பதற்கும் காரணமாகும். மேலும் இதன் மகரந்தம் ஒவ்வாமை தரவல்லது. அவ்வொவ்வாமை உடையோர் சிலருக்குச் செலரி, காரட், சில நறுமணப் பொருள்கள் ஆகியனவும் ஒவ்வாமை விளைவிக்கும்.

3. பெயர் மயக்கமும் அதன் விளைவும்

ஐரோப்பியர் குறிக்கும் செடி ஆர்ட்டெமிசியா வல்காரிஸ். சீனச் சூட்டு மருத்துவத்திற்குரியது ஆர்ட்டெமிசியா ஆர்கியி. சப்பானியர் அப்பத்திற்குக் கொள்வது பெரும்பாலும் ஆர்ட்டெமிசியா பிரின்செப்ஸ். தமிழர் மாலையில் தொடுக்கும் மருக்கொழுந்து ஆர்ட்டெமிசியா பாலென்ஸ் ஆகும். விநாயக சதுர்த்தியின் இருபத்தோர் இலைப் பட்டியலில் முதலில் நிற்பதும் மாசி இலையே. வழிபாட்டில் ஓர் இனத்திற்கு மாற்றாக அதன் உறவுச்செடி இடப்பட்டால் குறையொன்றுமில்லை. மருந்தில் அவ்வாறன்று.

இதற்குச் சிறந்த சான்று மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின். நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹோங், சிங்ஹாவ் என்னும் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து காய்ச்சலுக்குக் கொடுக்குமாறு எழுதினார். அக்குறிப்பைக் கொண்டு தூ யூயூ, 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாறு பிரித்துப் பயன் கண்டார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார். அம்மருந்து கிடைத்தது ஆர்ட்டெமிசியா அன்னுவாவிலிருந்து. சீன மரபு ‘ஐ’ என வழங்கும் மாசிபத்திரியிலிருந்து அன்று. சீனர் இரண்டையும் இரு பெயரால் பிரித்தறிந்தனர். பேரினப் பெயரை மட்டும் கேட்டறிவோரோ இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இடமுண்டு. மாசிபத்திரிக் குடிநீரை மலேரியாவுக்கு நம்பினால், உரிய மருத்துவம் காலந்தாழ்ந்து உயிரிழப்பு நேரலாம். உரிய செடியாகிய அன்னுவாவின் குடிநீரையும் மலேரியாவுக்கு உலக நலவாழ்வு அமைப்பு ஏற்கவில்லை.

முடிவுரை

1. மாசிபத்திரி பற்றிய நம்பிக்கைகள் மணம், புகை ஆகிய புலனறி இயல்புகளைப் பற்றி நிற்பவை. ஆதலால் அவை உறவினங்கள் பலவற்றிற்கும் பொதுவாயின.

2. மருத்துவப் பயன் ஒவ்வோர் இனத்தின் வேதிப்பொருளையும் அதனைப் பக்குவம் செய்யும் முறையையும் சார்ந்தது; அதனைப் பொதுமைப்படுத்தல் தீங்காகும்.

3. எனவே நாட்டார் மருத்துவத்தைத் தொகுப்போர் வட்டாரப் பெயரோடு நில்லாது, செடியின் மாதிரியைத் திரட்டி இனத்தை உறுதிசெய்தல் வேண்டும். பயன்படுத்தும் உறுப்பு, பறிக்கும் பருவம், பக்குவம், விலக்கு ஆகியவற்றையும் உடன் பதிதல் இன்றியமையாதது. அவ்வாறு பதியப்பெற்ற வழக்காறே மரபுக்கும் மருத்துவத்திற்கும் ஒருங்கே பயன்படும்.