வழிகாட்டும் ஒரு விண்மீன்

திருவருகைக் காலத்தில் சாந்தோம், மயிலை இல்லங்களின் வாசல்களில் நட்சத்திரங்கள் ஒளிர்வது கண்ணுக்கினிய காட்சி. ஆயினும், அண்டை வீட்டாரை விஞ்சுமாறு சரவிளக்குகள் வாங்கக் கடன்படும் குடும்பங்களையும் காண்கிறோம். விளக்கு எதற்காக?

மயிலையில் 'காட்டுக் கோயில்' எனப்படும் பிரகாச மாதா ஆலயம் விடை கூறும். கடலில் வழிதவறிய போர்த்துக்கீசியர், கரையில் தோன்றிய ஓர் ஒளியைப் பின்பற்றி உயிர் பிழைத்தனர் என்றும், நன்றியாக இவ்வாலயத்தை எழுப்பினர் என்றும் மரபு இயம்புகிறது. அங்குள்ள கல்வெட்டு 1516-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அப்பகுதியின் பெயராகிவிட்ட 'லஸ்' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் பொருளே ஒளிதான்.

ஒரே ஒளி, அது வழிகாட்டிற்று. ஞானிகளுக்கும் ஒரு விண்மீனே போதுமாயிருந்தது.

ஆதலின் வாசலில் ஒரு நட்சத்திரம், உள்ளே பிள்ளைகள் கையால் அமைத்த குடில், இவை போதும். மிஞ்சும் பணம், பண்டிகை கொண்டாட வழியற்ற ஓர் இல்லத்தின் அடுப்பை எரிக்கட்டும். நம் நட்சத்திரத்தைக் கண்டு வருவோர்க்குக் கதவு திறந்திருக்கட்டும்!