லாத்வியர் இல்லங்களில் நெடும்பகல் விழா

ஆண்டில் மிக நீண்ட பகல் எது என்று நம் பள்ளி மாணவரைக் கேட்டால், ஜூன் 21 என்று உடனே விடை கூறுவர். பாடநூலிற் படித்தது அது. ஆயினும் அந்த நீட்சியை நம் நாட்டில் எவரும் கண்டு உணர்ந்ததில்லை. கோலாலம்பூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை அரைமணி நேரத்திற்கும் குறைவு. சிங்கப்பூரில் அதனினும் குறைவு. விடியற்காலையில் பிரட்டுக்கு நிற்பவர்க்கு ஜூன் மாதமும் இருட்டே. டிசம்பர் மாதமும் இருட்டே.

ஆகவே, கதிரவன் தன் வடசெலவை முடித்துத் திரும்பும் நாளைப் பெருவிழாவாகக் கொள்ளும் மக்களின் உள்ளத்தை அறிய, நாம் வடக்கே வெகுதூரம் செல்லவேண்டும். பால்டிக் கடற்கரையிலுள்ள சிறு நாடாகிய லாத்வியாவை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதன் தலைநகர் ரீகா ஏறத்தாழ வடக்கு 57ஆம் பாகையில் உள்ளது. அங்கே டிசம்பர்ப் பகல் 7 மணி நேரம் கூட நில்லாது. ஜூன் மாதத்திலோ ஏறத்தாழ 18 மணி நேரம் கதிரவன் வானில் இருக்கும். எஞ்சிய சிறுபொழுதிலும் முழு இருள் சூழ்வதில்லை. அத்தகைய நாட்டில் கதிரவனின் திரும்புகால் என்பது பஞ்சாங்கச் செய்தி அன்று, வாழ்வுச் செய்தி.

விழாவுக்குப் பெயர் இரண்டு. ஜூன் 23 மாலையை லீகோ என்பர். 24ஆம் நாளை யாஞி என்பர். லீகோ என்னும் சொல் அசைதல், ஊசலாடுதல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. யாஞி என்பது யானிஸ் என்னும் ஆண்பெயரின் பன்மை. யானிஸ் என்பதோ யோவான் என்னும் கிறித்தவப் பெயரின் லாத்விய வடிவம். பழஞ்சமய விழாவுக்குக் கிறித்தவப் பெயர் எவ்வாறு வந்தது? கதிரவன் திரும்புவது ஜூன் 20 முதல் 22க்குள் என்றால், விழா மட்டும் இரண்டு மூன்று நாள் பிந்துவானேன்? இவ்விரண்டு வினாவுக்கும் விடை ஒன்றே.

கி.மு. 45இல் ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்தியபோது, உரோமர் ஜூன் 24ஐ நெடும்பகலுக்கும் டிசம்பர் 25ஐக் குறும்பகலுக்கும் உரிய நாட்களாகக் கணித்திருந்தனர். லூக்கா நற்செய்தியின்படி யோவான் இயேசுவினும் ஆறு திங்கள் மூத்தவர். இயேசுவின் பிறந்தநாள் டிசம்பர் 25 என்று கொள்ளப்பட்டபின், யோவானின் பிறந்தநாள் ஜூன் 24இல் அமைந்தது. சீசரின் ஆண்டோ உண்மை ஆண்டினும் ஏறக்குறைய 11 நிமிடம் நீண்டது. அந்தச் சிறுபிழை 128 ஆண்டுக்கு ஒரு நாளாகச் சேரச் சேர, கதிரவனின் திருப்பம் நாட்காட்டியில் முன்னோக்கி நகர்ந்தது. 1582இல் போப் கிரகோரி 10 நாளை நீக்கியபோது சீசர் காலத்து நிலையை மீட்கவில்லை, கி.பி. 325இல் நிசேயாவில் சங்கம் கூடிய காலத்து நிலையையே மீட்டார். எனவே இடைவெளி நின்றுவிட்டது. தமிழர்க்கும் இத்தகைய விலகல் உண்டு. கதிரவன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நம் பஞ்சாங்கம் உத்தராயணத்தைத் தை முதல் நாளில் வைக்கிறது. நம் ஆண்டு விண்மீனைக் கொண்டு அளக்கப்படுவது; பருவ ஆண்டினும் சுமார் 20 நிமிடம் நீண்டது. காரணம் வேறு, விளைவு ஒன்று. மேல்வகுப்பில் இதனைக் கரும்பலகையில் கணக்காகவே செய்து காட்டலாம்.

இனி விழாவைக் காண்போம். இதற்குக் கோயில் இல்லை, குருக்கள் இல்லை. வீடே களம். அதிலும் சிறப்பாக நாட்டுப்புறத்துப் பண்ணைவீடு. வீட்டுத் தலைவர் அன்றைக்கு ‘யானிஸின் தந்தை’ ஆகிறார். தலைவி ‘யானிஸின் தாய்’ ஆகிறார். வந்து கூடும் அயலாரும் நண்பரும், நரைத்த கிழவரேயாயினும், ‘யானிஸின் பிள்ளைகள்’. விருந்தினர்க்கு இதனினும் நல்ல பெயர் வேறு மொழியில் உண்டோ என்று நான் ஐயுறுகிறேன்!

பகலில் பெண்கள் வயலோரத்துப் பூவையும் புல்லையும் பறித்து முடிமாலை கட்டுவர். ஆடவர்க்குக் கருவாலி மரத்தின் இலைமாலை. கருவாலி ஆண்மைக்கும் உறுதிக்கும் அடையாளம். வாசலிலும் தொழுவத்திலும் பூர்ச்ச மரக் கிளைகளைச் செருகுவர். பசுக்களுக்கும் மாலை உண்டு. ஏனெனில் அன்றைய உணவின் தலைமை பாற்கட்டிக்கு உரியது. பாலைத் தயிர்க்கட்டியோடு காய்ச்சித் திரித்து, நீர் வடித்து, முட்டையும் வெண்ணெயும் கூட்டி, சீரகம் போன்றதொரு மணவிதையை இட்டு, துணியில் முடிந்து வட்டமாக அமுக்கி எடுப்பர். மஞ்சள் நிறமும் வட்ட வடிவும் கதிரவனை நினைவூட்டும். பாற்கட்டி தாயின் கடமை. வாற்கோதுமை பீர் தந்தையின் கடமை. தோட்டப்புறத்தில் மதுவின் கேட்டை நாள்தோறும் கண்டவன் நான்; ஆகையால் பீரைப் புகழ்ந்தெழுதக் கை வரவில்லை. இருந்த உண்மையைச் சொல்லிச் செல்கிறேன்.

பொழுது சாயும் முன்னரே தீ மூட்டவேண்டும். மறுநாள் கதிரவன் எழும்வரை அது அணையலாகாது. மேட்டு நிலத்தில் மூட்டுவர். கீல் நிறைந்த கலத்தை உயர்ந்த கம்பத்தின் நுனியில் வைத்து எரிப்பதும் உண்டு. தீயின் ஒளி எட்டும் வயல் வரையில் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. சென்ற ஆண்டின் வாடிய மாலைகள் அத்தீயில் இடப்படும். இளையோர் தீயைத் தாண்டிக் குதிப்பர். அவ்விரவில் உறங்குபவன் கோடை முழுவதும் உறங்கிக் கிடப்பான் என்பர். எனவே உறக்கம் இல்லை. காதலர் காட்டிற்குள் பெரணிப் பூவைத் தேடிப் போவர். பெரணி பூக்காத செடி என்பது நம் அறிவியல் மாணவர் அறிந்ததே. அவர்களும் அறிவர்.

விழாவின் உயிர் பாட்டில் இருக்கிறது. தைனா எனப்படும் இப்பாட்டுகள் பெரும்பாலும் நான்கே அடி. ஒருவர் அடியெடுக்க, மற்றவர் திரும்பப் பாடி, இடையிடையே ‘லீகோ, லீகோ’ என்று முடிப்பர். இல்லத்தாருக்கும் வந்தவர்க்கும் ஏசற்பாட்டுப் போட்டியும் நடக்கும். இந்த வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்கவில்லை, பாற்கட்டி போதவில்லை என்று வந்தவர் பாடுவர்; இல்லத்தார் சளைக்காமல் எதிர்பாட்டுக் கட்டுவர். சினம் கொள்ளுதல் கூடாது. களையெடாத தோட்டத்தைப் பற்றி ஊரார் பாடிவிடுவரே என்னும் அச்சத்தால், விழாவுக்குமுன் வயல்வேலை முடிந்துவிடும்! இது சட்டம் செய்யாத வேலை.

இப்பாட்டுகளைத் திரட்டியவர் நம் இனத்தவர், அதாவது ஆசிரியர். கிரிஷ்யானிஸ் பாரன்ஸ் (1835-1923) மாஸ்கோவில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகட்கு நெடுங்காலம் வீட்டாசிரியராக இருந்தார். பிரீவ்ஸெம்னியெக்ஸ் என்பார் தொடங்கிய தொகுப்புப் பணியை ஏற்று, ஊர்தோறும் இருந்து வந்த பாட்டுகளைச் சிறு காகிதத் துண்டுகளில் எழுதி வகைப்படுத்தினார். அவற்றை வைக்க 1880இல் 70 இழுப்பறை கொண்ட பேழை ஒன்றைச் செய்வித்தார். 1894 முதல் 1915 வரை அச்சேறிய தொகுதிகளில் உள்ள பாட்டுகள் 217,996. அப்பேழை 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பாரன்ஸ் பாட்டுக்கு உயிர் கொடுத்தார் என்று சிலர் எழுதுவர், அது சரியன்று. வீடுகளில் பாடப்பட்டதை அவர் எழுதிவைத்தார். எழுதியபின்னும் வீடுகளில் பாடுவது நிற்கவில்லை.

வீடு என்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1925இல் எர்னஸ்ட்ஸ் பிராஸ்டின்ஷ் முதலியோர் தைனாப் பாட்டுகளை அடிப்படையாகக் கொண்டு பழஞ்சமயத்தை ஓர் இயக்கமாகவே புதுப்பித்தனர். இயக்கத்திற்குத் தலைவர் உண்டு, கூட்டம் உண்டு, நூல் உண்டு. 1940இல் நாட்டைச் சோவியத்து ஆட்சி கைக்கொண்டபோது அவற்றைக் கண்டறிவது அரிதன்று. பிராஸ்டின்ஷ் சிறைப்பட்டார், 1942இல் கொல்லப்பட்டார். பின்னர் 1959இல், லாத்விய மொழிக்கும் வழக்கத்துக்கும் இடங்கேட்ட கட்சித் தலைவர்கள் பதவியிழந்தனர். அர்வீத்ஸ் பெல்ஷெ கட்சியின் முதற் செயலாளர் ஆனார். அவர் காலத்தில் யாஞி விழாவுக்கே தடை வந்தது.

ஆனால் தடையை எவ்விடத்தில் செலுத்துவது? ஒரு கோயில் இருந்திருந்தால் பூட்டலாம். மேடை இருந்திருந்தால் பிரிக்கலாம். இங்கிருந்ததோ ஒரு குடும்பம், நாலு நண்பர், ஒரு பாற்கட்டி, அடுப்புத் தீயினும் சற்றே பெரிய தீ. அன்றியும் ஜூன் 24 யானிஸ் என்னும் பெயருடையோர் அனைவருக்கும் பெயர்நாள். அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் ஆண்பெயர் அது. அண்டைவீட்டு யானிஸை வாழ்த்தப் போகிறேன் என்பவனை எந்த அதிகாரி மறிப்பான்? 1966இல் பெல்ஷெ மாஸ்கோ சென்றபின் கெடுபிடி தளர்ந்தது. 1990இல் லாத்வியா தன் விடுதலையை மீண்டும் அறிவித்தபோது, இவ்விழாவை நூலைப் பார்த்துப் புதிதாகக் கற்கவேண்டிய நிலை எவர்க்கும் இல்லை. நாம் பண்பாட்டு விழா என்றால் முதலில் பந்தலும் ஒலிபெருக்கியும் தேடுகிறோம். அதுவும் வேண்டுவதே, எனினும் பிள்ளை அங்கே பார்வையாளனாகவே நின்றுவிடுகிறான்.

இதில் எவ்வளவு பழஞ்சமயம், எவ்வளவு கிறித்தவம் என்று துல்லியமாகப் பிரித்துக் காட்ட முயல்வோர் உளர். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் எச்சமயமும் சாராதாரும் ஒரே தீயைச் சுற்றி நின்று பாடுகின்றனர். யானிஸ் என்பவர் பாட்டுகளில் திருமுழுக்கு யோவானாக வருவதில்லை. குதிரைமேல் ஏறி வந்து வயலைக் காக்கும் ஒரு தேவகுமாரனாகவே வருகிறார்.

இன்று ஜூன் 23, 24 இரண்டும் அங்கே அரசு விடுமுறை. நகரத்தார் பலர் நாட்டுப்புறத்து உறவினர் வீட்டையோ நண்பர் வீட்டையோ நாடிச் செல்கின்றனர். பாற்கட்டிக்குக்கூட ஒரு பெருமை வந்துவிட்டது: 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை மரபுவழிச் சிறப்புணவாகப் பதிவு செய்து, இன்ன பொருள் இன்ன முறையில் சேரவேண்டும் என்று விதியும் வகுத்தது. கடையில் விற்பது அந்த விதிப்படி இருக்கவேண்டும். யானிஸின் தாய்மார் தத்தம் தாயார் கற்பித்தபடி செய்கின்றனர்.