அதிகாலை 2 மணிக்கு எழுந்து எழுதிய ஆக்டேவியா பட்லர்... வேலைக்கும் போய் நாவலும் எழுதியது எப்படி?

'வேலைக்குப் போயிட்டு வந்து எழுத எங்கே நேரம் இருக்கு?' எழுத ஆசைப்படும் பலரும் சொல்வதுதான் இது. 1970-களில் லாஸ் ஏஞ்சலீஸில் ஓர் இளம்பெண் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதிகாலை 2 மணி, 3 மணிக்கு எழுந்து எழுதுவார். விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார். பாத்திரம் கழுவுவது, போனில் பொருள் விற்பது, உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலையில் தரம் பார்ப்பது எனக் கிடைத்த வேலையையெல்லாம் செய்தார்.

அவர்தான் ஆக்டேவியா பட்லர். அறிவியல் புனைகதை உலகின் மிக உயரிய ஹ்யூகோ, நெபுலா விருதுகளைப் பின்னாளில் வாங்கிக் குவித்தவர்.

மகள் செக்ரட்டரி வேலைக்குப் போய் நிலையான சம்பளம் வாங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. (எல்லா வீட்டு அம்மாக்களும் ஒரே மாதிரிதான் போல!) பட்லரோ, மூளையைப் பிடித்து வைத்துக்கொள்ளாத வேலைகளாகப் பார்த்துத் தேடினார். எழுதுவதற்குத் தலையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கணும், இல்லையா?

அம்மா நுழைந்த பின்வாசல்

1947-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தவர் பட்லர். ஷூ பாலிஷ் போடும் தொழிலாளியான அப்பா, இவர் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மாவுக்கு வீட்டு வேலை. வெள்ளையர் வீடுகளில் தூக்கிப் போடும் பழைய புத்தகங்களை மகளுக்காக எடுத்து வருவார். 10 வயதில் மகள் கேட்ட டைப்ரைட்டரையும் எப்படியோ வாங்கிக் கொடுத்தார்.

12 வயதில் டிவியில் ஒரு செவ்வாய்க் கிரகப் படம் பார்த்தார் பட்லர். படு மோசமான படம். 'இதைவிட நல்ல கதையை நானே எழுதுவேனே!' என்று அன்றே அறிவியல் கதை எழுத உட்கார்ந்துவிட்டார். கறுப்பினத்தவர் எழுத்தாளராக முடியாது என்று அன்போடு அறிவுரை சொன்னவர் சொந்த அத்தைதான். அப்போது பட்லர் படித்திருந்த கதைகளில் கறுப்பின எழுத்தாளர் யாருமே இல்லை.

அம்மா வேலை பார்த்த வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அம்மாவைப் பற்றி அவர் காதுபடவே இழிவாகப் பேசுவார்கள். அம்மா எதிர்த்துப் பேச மாட்டார். சிறுமி பட்லருக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு கல்லூரிக் காலத்தில் ஓர் இளைஞர், அடிமைத்தனத்தைச் சகித்துக்கொண்ட முந்தைய தலைமுறை மீது கோபத்தைக் கொட்டியதைக் கேட்டபோதுதான் பட்லருக்கு வேறொன்று உறைத்தது. அம்மா பொறுத்துப் போனதால்தானே நாம் சாப்பிட்டோம்?

1979-ல் வந்த 'கிண்ட்ரெட்' நாவலுக்கு விதை அதுதான். 1976-ல் வாழும் ஒரு கறுப்பினப் பெண், அடிமை முறை இருந்த 19-ம் நூற்றாண்டு மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறார். காலப் பயணக் கதைதான், ஆனால் டைம் மெஷின் கிடையாது. களத்தை நேரில் பார்க்க மேரிலாண்டுக்குப் பஸ்ஸிலேயே போனார் பட்லர். அவர் கார் ஓட்டியதே இல்லை. சக பயணிகளைக் கவனிப்பதும் குறிப்பெடுப்பதும் பஸ்ஸில்தான்.

நோட்டில் எழுதிய சபதம்

1970-ல் கிளாரியன் என்ற எழுத்துப் பயிற்சிப் பட்டறையில் சேர்ந்தார். உடனே இரண்டு கதைகள் விலைபோயின. அவ்வளவுதான், வாழ்க்கை மாறிடுச்சு என்று நினைத்திருப்பார். அடுத்த 5 வருடம் ஒரு கதைகூட விற்கவில்லை! முதல் நாவல் வந்தது 1976-ல்.

உத்வேகத்தை நம்பாதீர்கள், பழக்கத்தை நம்புங்கள் என்று புதிய எழுத்தாளர்களுக்குப் பின்னாளில் எழுதியவர் இவர். அந்த 5 வருடத்தை வைத்துப் பார்த்தால், அனுபவித்துச் சொல்லியிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

கூச்ச சுபாவி, தன்னம்பிக்கை குறைவு, எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா வேறு. தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்ள நோட்டுகளில் எழுதிவைப்பார். 1988-ல் எழுதிய ஒரு பக்கத்தில், தன் புத்தகங்கள் பெஸ்ட்செல்லர் பட்டியலில் இடம்பிடிக்கும், நல்ல வீடு வாங்குவேன் என்று வரிசையாக ஆசைகள். இன்று அந்தப் பக்கம் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது.

1995-ல் மெக்ஆர்தர் உதவித்தொகை கிடைத்தது, 2,95,000 டாலர். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. பெஸ்ட்செல்லர் ஆசைதான் இழுத்தடித்தது. 1993-ல் வெளியான 'பேரபிள் ஆஃப் தி சோவர்', காலநிலை மாற்றத்தால் சீரழிந்த கலிஃபோர்னியாவின் கதை. 2024 ஜூலையில் தொடங்கும் டைரிக் குறிப்புகளாக எழுதியிருந்தார். கொரோனா காலத்தில் அதை மக்கள் தேடித் தேடிப் படிக்க, 2020-ல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறியது. 2006-லேயே இறந்துபோன பட்லர் அதைப் பார்க்கவில்லை.

1988-ம் வருடத்துப் பக்கத்தில் இன்னொரு ஆசையும் உண்டு. ஏழைக் கறுப்பின இளைஞர்களைக் கிளாரியனுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் மறைவுக்குப் பிறகு அவர் பெயரிலேயே ஒரு உதவித்தொகை தொடங்கப்பட்டது. வெள்ளையர் அல்லாத இளம் எழுத்தாளர்கள் அதைக் கொண்டு கிளாரியனில் படிக்கிறார்கள்.