புதுச்சேரியில் பசும்பால்: மாட்டைப் பார்த்து வாங்குங்கள்

புதுச்சேரி நகரில் பாண்லே பாக்கெட் பால் எளிதாகக் கிடைத்தாலும், "கறந்த பசும்பால் எங்கே கிடைக்கும்?" என்று விசாரிக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் பலர் பாலைப் பார்க்கிறார்களே தவிர, அதைக் கொடுக்கும் மாட்டைப் பார்ப்பதில்லை.

வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு மூன்று கறவை மாடுகள் வைத்திருப்போர் உள்ளனர். இவர்களை அறிய அந்தந்த ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்பது நல்லது. நகரத் தெருவில் அவிழ்த்துவிடப்பட்டுக் குப்பையை மேயும் மாட்டின் பாலைத் தவிர்க்க வேண்டும்.

வாடிக்கை வைக்குமுன் ஒருநாள் கறவை நேரத்தில் கொட்டிலுக்குச் செல்லுங்கள். கறப்பவர் கையையும் மடியையும் கழுவி, உலர்ந்த துணியால் துடைக்கிறாரா? முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைத் தனிக் கிண்ணத்தில் கறந்து பார்க்கிறாரா? அதில் திரிதிரியாகவோ இரத்தக் கலப்பாகவோ இருந்தால் மடிநோயின் அறிகுறி. மாட்டுக்கு ஊசி போட்டிருந்தால், கால்நடை மருத்துவர் சொன்ன நாள் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. இதைக் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வாடிக்கை வேண்டாம்.

பலர் லாக்டோமீட்டரையே முழுதாக நம்புகிறார்கள். பசும்பாலில் அது பொதுவாக 28 முதல் 30 வரை காட்டும். கறந்த உடனே மிதக்க விட்டால் நுரையாலும் காற்றாலும் அளவு குறையும்; நல்ல பால்காரர் மீது வீண்பழி விழும். நுரை அடங்கிய பிறகே பார்க்க வேண்டும். தண்ணீர் சேர்த்தால் அளவு இறங்கும். ஆடை எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தால் சரியான அளவே காட்டும்! கொழுப்புச் சோதனை செய்தால்தான் குட்டு வெளிப்படும். பசும்பாலில் குறைந்தது 3.2 சதக் கொழுப்பும் 8.3 சதம் இதர திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பது விதி.

தண்ணீர்க் கலப்பை விடப் பெரிய ஆபத்து நோய்க்கிருமி. காசநோயும், புருசெல்லோசிஸ் எனும் கன்று வீச்சு நோயும் பச்சைப்பால் வழியே மனிதருக்குத் தொற்றும். பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும் மாட்டிலும் இவை மறைந்திருக்கலாம். கன்று வீச்சு நோயைத் தடுக்க, 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடும் திட்டத்தை மத்திய அரசு 2019-ல் தொடங்கியது. கன்று வளர்ப்போர் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம்.

ஆகவே எவ்வளவு நம்பகமான கொட்டிலாயினும் பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சைப்பால் அறவே ஆகாது. பால் பண்ணைகளில் 63 டிகிரி சென்டிகிரேடில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 வினாடியோ சூடாக்கி, உடனே குளிரவைக்கிறார்கள். வீட்டில் பொங்கும்வரை காய்ச்சினால் போதும். வாங்கி வந்த பாலை வெயிலில் வைக்காமல் விரைவில் அடுப்பேற்றி, ஆறியபின் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். பாத்திரத்தை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து உலர்த்தி, மறுநாள் பால்காரரிடம் எடுத்துச் செல்லுங்கள்.