“அந்தப் பெடியன்ரை தாயையும் எனக்குத் தெரியும்”: வாள்வெட்டுக்கு நடுவில் ஒரு தாயின் மௌனம்

யாழ்ப்பாண நகரில் இருந்து சற்றுத் தள்ளி, ஒரு ஒழுங்கையின் முடிவில் அந்த வீடு இருக்கிறது. படலையில் வாளால் கொத்திய அடையாளங்கள். யன்னல் கண்ணாடி இருந்த இடத்தில் உரப்பை கட்டப்பட்டிருந்தது. ஊரையும் பெயரையும் எழுதமாட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் அந்தத் தாய் என்னை உள்ளே கூப்பிட்டார்.

ஒரு இரவு மூன்று மோட்டார் சைக்கிள்களில் முகத்தை மூடிய பெடியள் வந்து அவருடைய 17 வயது மகனைத் தேடியிருக்கிறார்கள். அவன் வீட்டில் இல்லை. கண்ணாடிகளை உடைத்து, முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். மகனின் கூட்டாளி ஒருவனுக்கும் வேறு சிலருக்கும் இடையிலான தகராறுதான் காரணம்.

“ஒருத்தன்ரை முகத்துணி விலகினது தங்கச்சி. என்ரை மகனோட படிச்ச பெடியன். இந்தக் குசினியிலை இருந்து சாப்பிட்டவன். அவன்ரை தாயையும் எனக்குத் தெரியும்.”

பொலிஸாரிடம் அவர் சொன்னது, “ஒருத்தரையும் அடையாளம் தெரியேல்லை” என்பதுதான்.

இதை வெறும் பயம் என்று சொல்லிவிட முடியாது. 2009இல் வன்னியில் இருந்து அந்த மகனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரக்கூடாது என்பது போர் அவருக்குப் படிப்பித்த பாடம். முறைப்பாடு கொடுத்தால் மகனும் சந்தேக நபராகலாம்; விளக்கமறியலுக்குப் போனால் அங்கே உள்ளவர்களோடு சேர்ந்து திரும்பி வரலாம் என்பது அவருடைய கணக்கு.

நம்பிக்கையீனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் உயிரிழந்தனர். அடுத்த மாதம், ஆவா குழுவை இராணுவத்தினரே உருவாக்கினர் என்று அன்றைய அமைச்சரவைப் பேச்சாளர் ராஜித சேனாரத்ன பகிரங்கமாகக் கூறினார். அது மறுக்கப்பட்டது. 2017 ஜூலையில் கொக்குவிலில் இரண்டு பொலிஸார் மீதே வாள்வெட்டு நடந்தது. இவற்றையெல்லாம் பார்த்த ஒரு தாய், யாரை நம்பி வாய் திறப்பார்?

ஆனாலும் சட்டத்தில் சில வழிகள் இருக்கின்றன. குற்றத்தினால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் முதலில் 2015இல் வந்தது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அதன்படி சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர் பாதுகாப்புக் கேட்கலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அறியலாம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது நமது உரிமை. எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே ஒப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸார் அசட்டையாக இருந்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் எழுதலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்க, அவர் ஒரு கேள்வி கேட்டார்: “நான் பேரைச் சொன்னா, நாளைக்கு அந்தத் தாய் கோட்டு வாசல்லை நிப்பா. அவவும் என்னைப் போலதானே பிள்ளையைக் கொண்டு வந்தவ?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதே ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் முன்னர் இப்படி நடந்திருக்கிறது என்று திரும்பி வரும்போது அயலவர் ஒருவர் சொன்னார். அவர்களும் ஒருத்தரையும் அடையாளம் காட்டவில்லை. ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பயந்து கதவைச் சாத்தியிருக்கிறது. வாளோடு வருபவர்களுக்கு அதுதான் வசதி. தனியே பேசும் வீட்டை அவர்கள் குறிவைக்கலாம். ஒழுங்கை முழுவதும் சேர்ந்து, கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு போனால் எந்த வீட்டைத் தேடி வருவார்கள்?

கடந்த கிழமை அந்தத் தாய் தொலைபேசியில் அழைத்தார். மற்ற இரண்டு வீட்டுக்காரரோடும் கதைத்தாராம். அந்தப் பெடியனின் தாயிடமும் போயிருக்கிறார். “அவவுக்கு முதலே தெரியும் தங்கச்சி. அவவும் இரவிலை நித்திரை கொள்ளுறதில்லையாம்.”

முறைப்பாடு இன்னும் கொடுக்கப்படவில்லை. ஆனால் இரண்டு தாய்மாரும் இப்போது கதைக்கிறார்கள்.